பாடப் புத்தகம் எழுதிய ராஜா... பரிசு வாங்கிய வாத்தியார்... தெரியுமா?

நாடாண்ட ராஜா ஒருவர் சின்னப் பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகம் எழுதியிருக்கிறார், தெரியுமா? அதுவும் நம்ம தென்காசி ராஜா! 16ஆம் நூற்றாண்டில் தென்காசியில் இருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர்தான் அவர். ‘நைடதம் புலவர்க்கு ஔடதம்’ என்பார்களே, அந்த நைடதம் இவர் எழுதியதுதான். புலவர்களுக்கு மருந்து அரைத்துக் கொடுத்த அதே ராஜா, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பொடிசுகளுக்கும் ‘வெற்றி வேற்கை’ என்று ஒரு குட்டி நீதிநூலை எழுதிக் கொடுத்தார். நறுந்தொகை என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு.

அந்த நூலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற வரிகள். மீன் முட்டையை விடச் சின்னதான ஆலம் விதை ஒரு படைக்கே நிழல் தரும் மரமாக வளரும், அத்தனை பெரிய பனங்கொட்டையில் முளைத்த பனை ஓர் ஆள் ஒதுங்கக்கூட உதவாது என்று பிள்ளை தினம் பார்க்கிற மரத்தை வைத்தே பாடம் நடத்துகிறார் ராஜா. சிறுவர் நூல்களை வயசுவாரியாகப் பிரிப்பது பற்றி இன்றைக்குக் கருத்தரங்கு போடுகிறோம். அன்றைக்குத் திண்ணைப் பள்ளியிலோ ஆத்திசூடி, கொன்றைவேந்தன், வெற்றி வேற்கை, மூதுரை, நல்வழி என்று படிக்கட்டு தானாகவே அமைந்துவிட்டது. (இதே பாண்டியர் பேரில் கொக்கோகமும் வழங்குகிறது. அது வேறு வயசுக்காரர்களுக்கான பாடம்!)

இதற்கு என்ன பரிசு கிடைத்தது? ராஜாவுக்கு யார் பரிசு கொடுப்பது? நானூறு வருஷமாகத் தமிழ்ப் பிள்ளைகள் அவர் எழுதியதைத் தொண்டை வறளக் கத்தி ஒப்பித்தார்களே, அதை வேண்டுமானால் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

பரிசு என்றதும் ஞாபகம் வருகிறது. ஐரோப்பாவில் ‘ஐரோப்பிய மொழி முத்திரை’ என்று ஒரு கௌரவம் இருக்கிறது, தெரியுமா? 1990களின் கடைசியில் ஐரோப்பிய ஆணையம் ஆரம்பித்து வைத்தது. ஒரு மொழியைச் சொல்லிக் கொடுக்கவோ கற்கவோ யாராவது புது வழி கண்டுபிடித்தால், அந்தந்த நாட்டு நடுவர் குழு அலசிப் பார்த்து முத்திரை குத்துகிறது. முத்திரை விழுவது ஆள் மேல் அல்ல, திட்டத்தின் மேல்! இந்த ஒரு விஷயத்தை மனசில் முடிந்து வைத்துக்கொண்டு தென்காசிச் சீமையைச் சுற்றி வாருங்கள். மொழி சொல்லிக் கொடுக்கிற வித்தையில் இந்த வட்டாரம் செய்திருக்கிற வேலைகள் ஒன்றா, இரண்டா? அவற்றில் பரிசு வாங்கியது எது, வாங்காமல் போனது எது என்று பார்த்தால் தலை சுற்றும்.

தென்காசியில் இருந்து குற்றாலம் போகிற வழியில் மேலகரம் வருமே, பஸ்ஸில் கண்ணை மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது! மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அந்தக் கவிதையில் சொக்கிப்போய் நிலத்தையே மானியமாக எழுதிக் கொடுத்தார். அதற்கு விழுந்த பெயர் ‘குறவஞ்சி மேடு’. இந்த நாட்டில் எந்தெந்த விருதெல்லாமோ உண்டு, ஒரு புத்தகத்தின் பேரில் வயல்காடு எத்தனை இருக்கும்? குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்கிற பகுதியைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யாத தமிழ்ப் பிள்ளை அபூர்வம்.

மேலகரத்தை விட்டு நகர்வதற்குள் இன்னொன்று. உ.வே.சாமிநாதையரை உருவாக்கிய திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரை ‘மேலகரம்’ சுப்பிரமணிய தேசிகர் என்றுதான் சொல்வது வழக்கம். அவர் பிறந்ததும் இந்த ஊரேதான்! மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்த பிறகு உ.வே.சா.வுக்குப் பாடம் சொன்னவர் இந்தத் தேசிகர்தான். சாப்பாடு, தங்க இடம், ஏடு, ஆசிரியர் எல்லாம் மடத்துச் செலவு. அந்தக் காலத்து உண்டு உறைவிடப் பள்ளி!

அந்த உ.வே.சா.வே ஏடு தேடிக்கொண்டு இன்றைய தென்காசி மாவட்டத்துக் கரிவலம்வந்தநல்லூருக்கு வந்தார். அதிவீரராமரின் உறவினரும் புலவருமான வரதுங்கராம பாண்டியர் சேர்த்து வைத்த ஏடுகள் அந்த ஊர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆசையோடு வந்தவருக்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்களாம்! சாஸ்திரம் அப்படித்தான் சொல்கிறது என்று காரணம் வேறு. ‘என் சரித்திர’த்தில் அவர் இதை எழுதியிருப்பதைப் படித்தால் வயிறு எரியும். ஏடு தேடி அலைந்த அந்த மனிதருக்கு 1906இல் அரசாங்கம் மகாமகோபாத்தியாயப் பட்டம் கொடுத்தது. ஏட்டை எரித்தவர்களுக்கு யாரும் ஒன்றும் கொடுக்காததில் ஒரு நிம்மதி.

இப்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக்கே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லிக் கொடுத்தது நம்ம திண்ணைப் பள்ளிதான், தெரியுமா?

முதலில் திண்ணையைப் பார்த்துவிடுவோம். விடியுமுன் யார் முதலில் வந்து சேர்கிறானோ அவன் ‘வேத்தான்’. அன்றைக்கு அவன் கை பிரம்படிக்குத் தப்பும். பின்னால் வருகிறவனுக்கு வரிசைக்கு ஏற்றபடி அடி கூடும். தரையில் மணலைப் பரப்பி, விரல் பிடித்து எழுத்தை ஓட்டச் சொல்வார் வாத்தியார். வாயும் விரலும் சேர்ந்தே நடக்க வேண்டும்: எழுதும்போதே அந்த எழுத்தை உரக்கச் சொல்ல வேண்டும். கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். புது ஓலையில் எழுத்தாணி கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரியாது. கோவையிலைச் சாற்றையும் கரியையும் குழைத்துத் தடவித் துடைத்தால் கறுகறுவென்று மேலே வரும். அதற்கு மையாடல் என்று ஒரு சடங்கு உண்டு. பிள்ளைகள் அதிகம், வாத்தியார் ஒருத்தர். என்ன செய்வது? பெரிய பையனைச் சட்டாம்பிள்ளை ஆக்கி, அவனைச் சின்னவர்களுக்கு முறை சொல்லிக் கொடுக்க வைத்தார்கள்.

இதைச் சென்னையில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் பார்த்தார். பேர் ஆண்ட்ரூ பெல். 1789இல் எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குக் கண்காணிப்பாளராக வந்தவர். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டதும் அவருக்குப் பொறி தட்டியது. தன் பள்ளியிலும் இப்படியே செய்யுங்கள் என்றார். அங்கே இருந்த உதவி ஆசிரியர்கள் முடியாது என்று முறுக்கிக்கொண்டார்கள். பெல் என்ன செய்தார் தெரியுமா? ஜான் ஃபிரிஸ்கன் என்ற 8 வயசுப் பையனைக் கூப்பிட்டு, நீ சொல்லிக் கொடுடா என்று விட்டுவிட்டார். பெரியவர்கள் முடியாது என்றதைப் பையன் முடித்துக் காட்டினான்!

ஊருக்குத் திரும்பிய பெல் 1797இல் இதைப் புத்தகமாகப் போட்டார். ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பரவியது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஆயிரக்கணக்கான பள்ளிகள் அந்த முறைக்கு மாறின. வேர்ட்ஸ்வர்த்தும் கோல்ரிட்ஜும் அவர் பக்கம் நின்றார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் கொடுத்த பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றுதான் பெயர். 1832இல் இறந்த பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், ராஜா ராணிகள் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். சட்டாம்பிள்ளை முறையைக் கண்டுபிடித்த திண்ணை வாத்தியார் யார்? பேர்கூட இல்லை. நவராத்திரிக்கு வீடு வீடாகப் பிள்ளைகளோடு பாட்டுப் பாடிப் போனால் கிடைக்கிற அரிசியும் காசும்தான் அவர் வாங்கிய விருது.

அதே வெள்ளைக்காரர்கள் நம்ம மொழியைக் கற்கப் பட்ட பாடும் கொஞ்சமில்லை. 1554இல் லிஸ்பனில் ஒரு சிறு நூல் அச்சானது: தமிழ், ஆனால் ரோமன் எழுத்தில்! வரிக்கு வரி போர்த்துகீசு அர்த்தமும் சேர்த்து. அதைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் லிஸ்பனில் இருந்த தமிழர்கள். தமிழ் எழுத்திலேயே முதன்முதலாக இந்திய மண்ணில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ எங்கே வெளிவந்தது தெரியுமா? 1578இல் கொல்லத்தில். தென்காசியில் ரயில் ஏறினால் செங்கோட்டை, 13 கண் பாலம், புனலூர் என்று மலையைக் குடைந்துகொண்டு போய் இறங்குகிறோமே, அதே கொல்லம்! மொத்தம் 16 பக்கம். தயாரித்தவர் தூத்துக்குடிக் கரையில் தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார். போர்த்துகீசியர் தமிழ் கற்க இலக்கணமும் எழுதியவர். விருது கொடுக்கிற நடுவர் குழு அன்றைக்கு இருந்திருந்தால் அந்த மனிதருக்கு இரண்டு முத்திரை குத்தியிருக்க வேண்டும்.

பாளையங்கோட்டைக்கு ஒரு எட்டு. 1890இல் அங்கே ஆஸ்க்வித் என்ற ஆங்கிலேய அம்மையார் பார்வையற்றவர்களுக்குப் பள்ளி தொடங்கினார். பிரெயில் புள்ளிகளைத் தமிழ் எழுத்துக்குப் பொருத்தும் வேலையில் முன்னோடி அவர். விரல் நுனியால் தமிழ் படிக்க முடியும் என்று திருநெல்வேலிச் சீமை கண்டுகொண்டு 130 வருஷத்துக்கு மேல் ஆகிறது! அதோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: எழுத்தறிவுக்காக யுனெஸ்கோ வழங்கும் கொரிய மன்னர் சேஜோங் பரிசு 2021இல் இந்தியாவுக்கு வந்தது. எதற்குத் தெரியுமா? இந்தியச் சைகை மொழியில் பாடங்கள் தயாரித்ததற்காக, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்துக்கு. சேஜோங் யார் என்றால், தன் ஜனங்களுக்குச் சீன எழுத்து கஷ்டமாக இருக்கிறதே என்று 15ஆம் நூற்றாண்டில் கொரிய மொழிக்கென்று புது எழுத்தையே உருவாக்கிய அரசர். அதிவீரராமருக்கு நூறு வருஷத்துக்கும் மேல் மூத்தவர். ராஜாக்கள் அரிச்சுவடியில் கை வைத்தால் இப்படித்தான், நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிறது.

குற்றாலத்துக்கு வந்துவிட்டு ரசிகமணியைப் பார்க்காமல் போகலாமா?

டி.கே.சிதம்பரநாத முதலியார், டி.கே.சி. 1882இல் பிறந்தவர், வக்கீலுக்குப் படித்தவர், சட்டமன்ற மேலவையிலும் அறநிலையத் துறை ஆணையர் பதவியிலும் இருந்தவர். அத்தனையையும் விட்டுவிட்டு அருவிச் சத்தம் கேட்கிற இடத்தில் வீடு எடுத்து உட்கார்ந்துகொண்டு அவர் செய்த வேலை, தமிழ்ப் பாட்டை ரசிக்கச் சொல்லிக் கொடுத்தது! அதற்கு முன்பே திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டில் ‘வட்டத்தொட்டி’ நடத்தியிருந்தார். வட்டமான முற்றம், சுற்றிலும் நண்பர்கள், நடுவில் கம்பன். அங்கே பலகை இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, பரீட்சை இல்லை.

அவர் பாடம் நடத்தும் முறை விசித்திரமானது. ஒரே ஒரு செய்யுளை எடுத்துக்கொள்வார். பதவுரை, பொழிப்புரை கிடையாது. வாய்விட்டுப் படிப்பார், மறுபடியும் படிப்பார், ஒரு சொல்லில் நிறுத்துவார், அடுத்த முறை வேறு சொல்லில் அழுத்துவார். கேட்கிறவர் அர்த்தத்தைத் தானாகவே கண்டுபிடித்து ‘அடடா’ என்று சொல்லும்வரை அந்தச் செய்யுள் நகராது. இன்றைய கல்லூரிகளில் இதற்கு நீளமாக ஏதாவது பெயர் வைத்து ஆய்வேடு எழுதுவார்கள். டி.கே.சி. வடையும் காபியும் வைத்து நடத்தினார். ராஜாஜியும் கல்கியும் குற்றாலத்துக்கு வந்து அந்த வகுப்பில் மாணவர்களாக உட்கார்ந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாடங்களையும் தமிழில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே மேடை மேடையாக வாதாடியவரும் அவர்.

குறையும் உண்டு, மறைப்பானேன். இது கம்பன் வாக்கு, இது யாரோ இடைச்செருகியது என்று தன் காதை மட்டும் நம்பிச் செய்யுள்களைத் தள்ளினார், சொற்களைத் திருத்தினார். பதிப்பாளர்கள் கொதித்துப் போனார்கள். பதிப்பு விஷயத்தில் என் ஓட்டும் அவர்கள் பக்கம்தான். ஆனால் ஆசிரியர் என்று பார்த்தால்? தமிழ் படிக்காத எத்தனை வக்கீல்களையும் அதிகாரிகளையும் கம்பன் பைத்தியம் ஆக்கினார்! 1954 பிப்ரவரி 16இல் குற்றாலத்திலேயே காலமானார். ‘ரசிகமணி’ என்று ஜனங்கள் கொடுத்த பட்டம்தான் பேருக்கு முன்னால் நிற்கிறது. டெல்லி எதுவும் கொடுத்ததில்லை.

பக்கத்துக் கடையத்தில், மனைவி செல்லம்மாளின் ஊரில் 1918 முதல் 1920 வரை பாரதி இருந்தாரே, அவரும் சளைத்தவர் இல்லை. தேசியக் கல்வி பற்றி எழுதும்போது கிராமப் பள்ளிக்கூடத்துக்கான பாடத்திட்டத்தையே வரி வரியாகப் போட்டுக் கொடுத்தவர்.

பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த கதை தெரியுமா? மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின்னால் இருந்த கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்துக்கு அதே ஆண்டு சேஜோங் பரிசு! அந்தக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக இந்தப் பக்கமும் வீசியது என்றுதான் சொல்ல வேண்டும். 1990களில் தமிழ்நாடெங்கும் அறிவொளி இயக்கம். அப்போது தென்காசி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பகலெல்லாம் பீடி சுற்றிய கை, நாற்று நட்ட கை, ராத்திரி தெருவிளக்கடியில் பலப்பம் பிடித்தது. அ, ஆ என்று தொடங்கினால் பெரியவர்கள் அடுத்த நாள் வரமாட்டார்கள். அதனால் பட்டா மாதிரி அவர்கள் வாழ்க்கையில் புழங்குகிற சொல்லை முதலில் எழுதிக் காட்டி, அதிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்தார்கள். அந்த அனுபவங்களை எழுத்தாளர் ச.தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ என்ற புத்தகமாக எழுதியிருக்கிறார், கிடைத்தால் விடாதீர்கள்.

புதுக்கோட்டை இன்னும் ஒருபடி மேலே போனது. அங்கே அறிவொளிப் பாடத்தில் சைக்கிள் சேர்ந்துகொண்டது! ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம் அது. எழுத்துக் கூட்டக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் மிதிக்கவும் கற்றார்கள். ஊர் சிரித்தது, அவர்கள் மிதித்தார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதி அது உலகத்துக்கே தெரிந்தது. இப்படி மாவட்டம் மாவட்டமாக நடந்ததற்கெல்லாம் சேர்த்து, தேசிய எழுத்தறிவு இயக்கத்துக்கு 1999இல் யுனெஸ்கோவின் நோமா பரிசு வந்தது.

சரி, பள்ளிக்கூடத்துக்குள் போவோம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுக்க வந்ததே செயல்வழிக் கற்றல், ஏ.பி.எல்., ஞாபகம் இருக்கிறதா? ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையைப் பார்த்துவிட்டு வந்து செய்தது. அந்த வகுப்பறைக்குள் நுழைந்தால் பெஞ்சு இருக்காது. பாயில் வட்டம் வட்டமாகப் பிள்ளைகள், அவர்களோடு தரையில் டீச்சர். சுவரில் ‘ஏணி’. ஒவ்வொரு படியிலும் ஒரு படம். நேற்று எந்தப் படியில் விட்டோமோ அதைப் பிள்ளையே பார்த்து, அந்தப் படம் போட்ட அட்டையைத் தட்டில் இருந்து தானே எடுத்துக்கொண்டு, டீச்சர் உதவி தேவையா, சேக்காளி உதவி போதுமா என்பதைப் பொறுத்து அந்தந்தக் குழுவில் போய் உட்காரும். எழுத்து வரிசையும் தலைகீழ்! கோடு இழுக்கச் சுலபமான ட, ப, ம முதலில். சுழியும் கொக்கியும் நிறைந்த அ பிறகு. சுவரில் முட்டி உயரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தக் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தல்: அன்றைக்கு எழுதியதும் வரைந்ததும் அதில் கொடி மாதிரித் தொங்கும்.

ஊர் ஊராக வந்து வெளிமாநிலத்தார் பார்த்துப் போனார்கள். ‘பிள்ளை வீட்டில் அ, ஆ சொல்லமாட்டேங்குதே’ என்று பெற்றோர் சண்டைக்கு வந்ததும் உண்டு. இப்போது அந்த அட்டைகள் எங்கே? 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் ஆனார்கள். அடுத்து வாசிப்பு இயக்கம். புத்தகங்களுக்கே நுழை, நட, ஓடு, பற என்று நிலை. பெயர் வைக்கிற அழகில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை! ஆனால் ஒரு முறையை மாற்றும்போது முந்தையதில் எது நன்றாக வேலை செய்தது என்று எழுதி வைக்கிற வழக்கம் நம்மிடம் குறைவு. டீச்சர் டிரான்ஸ்பரில் போனால், அவர் அந்தப் பள்ளியில் உண்டாக்கிய வழியும் பெட்டி கட்டிக்கொண்டு அவரோடு போய்விடுகிறது. ஐரோப்பாக்காரர்கள் திட்டத்துக்கு முத்திரை குத்துவதைப் பார்த்து நான் பொறாமைப்படுவது இந்த இடத்தில்தான்.

நம் நாட்டில் விருது ஆளுக்குத்தான். தேசிய நல்லாசிரியர் விருது 1958இல் இருந்து இருக்கிறது. மாநில அரசு தருவது டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது. ஊருக்குள் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது, ‘சாருக்கு நல்லாசிரியர் கிடைச்சிருக்கு’ என்றால் முடிந்தது. பிளெக்ஸ் பேனரில் மட்டும் ‘தேசிய’ என்பது பெரிய எழுத்தில் இருக்கும்.

அந்தத் தேசிய விருது தென்காசி மாவட்டத்துக்கு வந்திருக்கிறது, தெரியுமா? மாவட்டம் பிறந்ததே 2019 நவம்பரில். நாலே வருஷத்தில், 2023 செப்டம்பர் 5 அன்று டெல்லி விஞ்ஞான் பவனில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு கையால் விருது வாங்கினார் வீரகேரளம்புதூர் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை எஸ்.மாலதி! அந்த ஆண்டு நாடு முழுக்க விருது பெற்றவர்கள் 75 பேர், அதில் பள்ளி ஆசிரியர்கள் 50. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது இரண்டே இரண்டு. இன்னொன்று மதுரை அலங்காநல்லூருக்கு. சான்றிதழ், வெள்ளிப் பதக்கம், 50,000 ரூபாய். குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் சிற்றாறாக ஓடி அனுமன் நதியைச் சேர்த்துக்கொள்கிற ஊர்தான் வீ.கே.புதூர். சீசனுக்கு வருகிறவர்கள் தண்ணீர் விழுகிற இடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், பாவம்.

ஆனால் அந்த விருதில் மொழி ஆசிரியருக்கென்று தனிப் பட்டியல் கிடையாது. செம்மொழித் தமிழுக்குக் குடியரசுத் தலைவர் கொடுக்கிற தொல்காப்பியர் விருதும் குறள் பீடமும் ஆராய்ச்சிக்காரர்களுக்கானவை, ஒண்ணாம் வகுப்பு டீச்சருக்கு அல்ல. தமிழ் சொல்லிக் கொடுப்பதற்கென்றே நாடு தழுவிய நல்லாசிரியர் விருது வேண்டுமென்றால் எங்கே போக வேண்டும் தெரியுமா? சிங்கப்பூருக்கு! 2002 முதல் அங்கே தமிழ் முரசு நாளிதழும் தமிழாசிரியர் சங்கமும் தமிழ் வளர்ச்சிக் குழுவும் சேர்ந்து தமிழாசிரியர்களுக்கு மட்டும் விருது கொடுத்து வருகின்றன. மாணவர்களே தங்கள் ஆசிரியரை முன்மொழியலாம். படிக்கிற பிள்ளை சொல்லி வாத்தியாருக்கு விருது! மாவட்ட அலுவலகப் படிக்கட்டு ஏறி இறங்கிய நம்ம ஊர் ஆசிரியர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடட்டும்.

கரிசல் பக்கம் ஒரு சந்தோஷச் செய்தியும் இருக்கிறது. பிள்ளைகள் மொழியை விரும்பிக் கற்க நல்ல கதை வேண்டுமே. சாகித்ய அகாடமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்குத் தனியாகப் ‘பால சாகித்ய’ விருது தருகிறது. 2023இல் தமிழுக்கு அதை வாங்கியவர் கோவில்பட்டி உதயசங்கர், நூல் ‘ஆதனின் பொம்மை’. கீழடியைப் பற்றிப் பேசுகிற கதை. எழுதியவர் யார் தெரியுமா? ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக வேலை பார்த்தவர்! பச்சைக் கொடி காட்டிக்கொண்டே கதையும் யோசித்திருக்கிறார்.

திட்டத்துக்கென்று பரிசு நம் நாட்டில் அறவே இல்லையா என்றால், இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி., பள்ளிகளிலும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களிலும் நடக்கிற புதுமையான கற்பித்தல் சோதனைகளுக்குத் தேசிய விருது வைத்திருக்கிறது. என்ன பிரச்சினை என்றால் ஆசிரியர் அறையில் நாலு பேரிடம் கேளுங்கள், மூன்று பேர் உதட்டைப் பிதுக்குவார்கள்.

நல்லாசிரியர் விருதுக்கும் 2018இல் விதி மாறிவிட்டது, தெரியுமா? முன்பு கருத்துரு தயாரித்து, அது மேஜை மேஜையாக நகர்ந்து, யாராவது பரிந்துரைத்தால்தான் உண்டு. இப்போது ஆசிரியரே இணையத்தில் நேராக விண்ணப்பிக்கலாம். மாவட்டக் குழு, மாநிலக் குழு, கடைசியில் தேசிய நடுவர் குழு. வகுப்பில் செய்ததற்குப் படம், ஒலிப்பதிவு, வீடியோ எல்லாம் இணைக்க வேண்டும். இணையதளம் திறப்பது பெரும்பாலும் ஜூன், ஜூலையில். குற்றாலத்தில் சாரல் கட்டி ஐந்தருவியில் கூட்டம் அலைமோதுகிற அதே நாள்களில். அருவிக்கு முன்னால் நின்று எடுக்கிற செல்ஃபியில் பத்தில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு வகுப்பறையை நாலு படம் எடுத்து வைத்திருங்கள், டீச்சர்! தன்னைப் பற்றித் தானே எழுதக் கூச்சமாக இருந்தால் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் கொடுங்கள், அவர் எழுதித் தருவார். அவருடையதை நீங்கள் எழுதுங்கள்.